யாழ்ப்பாணத்து வளவும் நகரும் வேலியும்

தமிழில் வேலி என்னும் சொல் காவலையும் குறிக்கும். நில அளவையும் குறிக்கும். சோழநாட்டு வழக்கில் இருபது மா கொண்டது ஒரு வேலி. இக்கால அளவில் ஏறத்தாழ 6⅔ ஏக்கர். வளைத்து அடைக்கும் பொருளின் பெயரே அடைக்கப்பட்ட நிலத்திற்கும், பின்னர் நிலத்தை அளக்கும் அலகிற்கும் ஆகிவந்தது என்று கொள்வதில் தவறில்லை. வேலி நின்ற இடமே எல்லை என்னும் எண்ணம் அச்சொல்லில் உறைந்து கிடக்கிறது. வேலி ஓரிடத்தில் நில்லாமல் ஆண்டுக்கு ஆண்டு சிறிது நகருமானால் எல்லை என்னாவது? இந்த வினாவைத் தமிழர் வாழும் நிலங்களுள் யாழ்ப்பாணத்தைப்போல் நெடுங்காலம் எதிர்நோக்கிய ஊர் பிறிதொன்று இருத்தல் அரிது.

உயிரோடு வளரும் மரஞ்செடிகளை வேலியாக நிறுத்தும் வழக்கம் மிகப் பழையது. எயினர் குடியிருப்பைக் கூறுமிடத்துப் பெரும்பாணாற்றுப்படை உயிர்முள் வேலியைச் சுட்டுகின்றது. ஊருக்கு எல்லை வகுக்கும்போதும் உயிர்ச்செடி வேண்டப்பட்டது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கிய செய்தி மலாயாத் தமிழர் நன்கறிந்ததே. பின்னாளில் ஒல்லாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்ற ஏடுகளில் அக்கொடை பதியப்பட்டுள்ளது. அக்காலக் கொடைகளில், பெண்யானை ஒன்றை எல்லை வழியே நடத்திச் சென்று, அது நடந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நடுவது முறை. நாட்டார் கூடி நிற்பர், கரணத்தார் எழுதுவர். கல் அசையாது, கள்ளி எளிதில் சாகாது. அரசனின் கொடைக்கு இத்துணைப் பாதுகாப்பு இருந்தது. குடியானவன் வீட்டு வளவுக்கு யானையும் இல்லை, செப்பேடும் இல்லை. அவனுக்கு இருந்தவை ஓலையும் கயிறும் பக்கத்து வீட்டாரின் நல்லெண்ணமுமே.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல் நிலத்தில் கிணறு வெட்டி, கிணற்றைச் சுற்றி வீடும் தோட்டமுமாக மக்கள் நெருங்கிக் குடியேறினர். வீடு நிற்கும் அடைப்பு வளவு எனப்பட்டது. வளவுக்கும் வளவுக்கும் இடையே வேலி. இரு வேலிகளுக்கு இடையே நடக்கும் வழி ஒழுங்கை. அது மிகக் குறுகினால் குச்சொழுங்கை. வேலியில் வாயில் அமைந்த இடத்தில் படலை. அப்படலைக்குக் கூரை வேய்ந்து வழிப்போக்கர் ஒதுங்க இடம் விட்டால் அது சங்கடப் படலை. தாண்டிச் செல்லத்தக்க தாழ்ந்த இடம் கடப்பு. நாயும் கோழியும் சிறுவரும் நுழையும் ஓட்டை பொட்டு. ஓர் அடைப்புக்கு இத்தனை பெயர்கள் வழங்கிய ஊரில் வேலி சிறிய பொருளாக இருந்திருக்க முடியாது. ஒடுக்கப்பட்ட சாதியாரைப் படலைக்கு வெளியே நிறுத்திய கொடுமைக்கும் அதே வேலி துணைநின்றது. வேலியின் அழகைப் பாடுவோர் இதனை மறைத்தல் நேர்மையாகாது.

வேலியின் எலும்பு கதியால். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை முதலியவற்றின் தடிகளை வெட்டி நிலத்தில் ஊன்றினால் அவை வேர்விட்டுத் தழைக்கும். மழை தொடங்கும் காலத்தில் நட்ட கதியால் எளிதில் பிழைக்கும். கதியால்களுக்குக் குறுக்கே வரிச்சுகள் கட்டி, அவற்றின்மேல் பனையோலையோ, பின்னிய தென்னோலையாகிய கிடுகோ சார்த்தி அடைப்பர். பனையோலையை அப்படியே சார்த்த முடியாது. மிதித்துப் பரப்பி, அடுக்கி, பாரம் ஏற்றித் தட்டையாக்கிய பின்னரே அது வேலிக்கு உதவும். தெருப்பக்கத்து வேலி ஆள் உயரத்திற்கு மேலும் நிற்கும். கிணற்றடியில் குளிக்கும் பெண்களுக்கு அதுவே மறைப்பு.

இவ்வேலி வீணாகும் பொருளன்று. கதியாலின் தழை ஆட்டுக்குத் தீனி, தோட்டத்திற்குப் பசளை. மழையிலும் வெயிலிலும் இற்றுப்போன ஓலையைக் கழற்றிப் புகையிலைத் தோட்டத்திலும் வாழையடியிலும் தாழ்ப்பர். வேலி மண்ணுக்குப் போகும். புது ஓலை வேலிக்கு வரும்.

ஓலை நெடுநாள் நில்லாது. ஆகவே வேலியை ஆண்டுதோறும், வறியவராயின் ஓராண்டு விட்டு ஓராண்டேனும், பிரித்து அடைக்க வேண்டும். அவ்வேலையை ஒருவர் தனித்துச் செய்ய இயலாது. ஒருவர் உட்புறம் நிற்க, மற்றவர் வெளிப்புறம் நிற்பார். குத்தூசியில் கயிற்றைக் கோத்து உள்ளிருப்பவர் குத்த, வெளியிருப்பவர் அதை வாங்கி இழுத்துத் திருப்பிக் குத்துவார். இரு வளவுகளுக்கு நடுவேயுள்ள வேலியில் வெளிப்புறம் என்பது அயலவரின் வளவு. அங்கே கால் வைக்க அவர் இசைவு வேண்டும். முதலில் சென்று சொல்ல வேண்டும். அவர் நாயைக் கட்ட வேண்டும். சில வேளை அவரே வந்து மறுபுறம் நின்று குத்தூசியை வாங்கித் தருவார். பேச்சு வார்த்தை அற்றுப்போன இரு குடும்பங்களுக்கு நடுவே வேலி அடைப்பது பெரும்பாடு. ஆண்டுக்கொருமுறை அயலாரின் உறவைச் சோதித்துப் பார்க்கும் நாளாக வேலியடைப்பு அமைந்துவிட்டது. இந்தக் கட்டாயமே வேலிச் சண்டைகள் பலவற்றைத் தடுத்துமிருக்கலாம், மூட்டியும் விட்டது.

மூட்டியது எவ்வாறு என்பதைச் சற்று விரித்துக் காணல் தகும். ஓலையைக் கழற்றியதும் வேலி வெறும் கதியால் வரிசையாக நிற்கும். சில கதியால்கள் பட்டுப்போயிருக்கும். பட்டதைப் பிடுங்கிப் புதியதை ஊன்ற வேண்டும். பழைய குழியிலேயே ஊன்றினால் வழக்கில்லை. ஒரு சாண் அப்பால் ஊன்றினால்? அடுத்த ஆண்டு மற்றொரு கதியால் படும். அதுவும் புதிய வரிசைக்கு நேராக ஊன்றப்படும். பூவரசு பருத்து மரமாகிவிட்டால் அதன் நடுவே எல்லையா, வெளிப்பட்டையே எல்லையா என்ற கேள்வி எழும். இரவோடிரவாகக் கதியாலைப் பிடுங்கித் தள்ளி நட்டவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலான வேலிகள் பகலிலே, பலர் பார்க்க, சாண் சாணாகவே நகர்ந்தன.

ஒரு சாணுக்கு இத்துணை ஆரவாரமா என்று பிற ஊரார் நகைப்பர். கணக்கிட்டுப் பார்த்தால் நகைப்பு அடங்கும். யாழ்ப்பாணத்துத் தோட்ட நில அளவில் 18 குழி ஒரு பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர். எனவே ஒரு குழி ஏறத்தாழ 151 சதுர அடி. நான்கு பரப்பு வளவு சதுரமாக அமைந்திருப்பின் அதன் ஒரு பக்கம் 104 அடி. அப்பக்கத்து வேலி ஒன்பது அங்குலம் நகர்ந்தால் 78 சதுர அடி, அதாவது அரைக் குழி, கைமாறும். பத்து முறை நகர்ந்தால் ஐந்து குழிக்கு மேல். ஒரு பரப்பில் கால்பங்கைக் கடந்துவிடும். எல்லையோரத்தில் பலன் தரும் பனையோ தென்னையோ நின்றால் அதுவும் மறுபக்கம் போய்விடும். பரப்புக் கணக்கில் நிலம் வைத்திருந்தவருக்கு இது சிறு இழப்பன்று.

நிலம் ஏன் இவ்வளவு சுருங்கியது என்பதற்கு விடை குடும்ப முறையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வழக்குகளை 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுத்தனர். யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்த அந்நூலை யான் பிருஸ் தமிழில் பெயர்க்க, பன்னிரண்டு முதலிமார் படித்து ஒப்புதல் அளித்தனர். அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதியால் அதற்கு முழுச் சட்ட வலிமை தந்தனர். தேசவழமையில் சீதனத்திற்குத் தனியிடம் உண்டு. பெண்ணுக்குச் சீதனமாக வளவில் பங்கு எழுதுவர். தாயின் வளவு இரு பெண்களுக்கு இரண்டாகும். அவர்தம் பெண்களுக்கு நான்காகும். தலைமுறைதோறும் புதுவேலி முளைத்தது. அக்காள் தங்கை வளவுகளுக்கு நடுவே வேலி இருந்தாலும் அதில் ஒரு பொட்டு இருக்கும். குழம்புச் சட்டியும் பிள்ளைகளும் அதன் வழியே போய்வரும். பொட்டு அடைபட்டால் உறவு முறிந்தது என்று ஊர் அறிந்துகொள்ளும். கிணறு பொதுவாயின் வேலி இருபுறமும் வந்து கிணற்றடியில் நின்றுவிடும். வழி, வாய்க்கால், கிணற்றுப்பங்கு என்று உறுதிகளில் எழுதப்பட்டது இதனாலேயாம்.

அவ்வுறுதிகளே வழக்குக்கு வித்துமாயின. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நிலக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். நொத்தாரிசு காணியின் பெயரை எழுதுவார். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணிக்கும் ஆளைப்போலப் பெயர் உண்டு. இத்தனை பரப்பு என்று எழுதுவார். பின்னர் நான்கெல்லை: கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாருடைய காணி, மேற்கே இன்னாருடைய காணி, தெற்கே வாய்க்கால். பழைய உறுதிகள் பலவற்றில் அளந்து வரைந்த படம் இணைந்திராது. இன்னாருடைய காணி எங்கே தொடங்குகிறது என்றால் வேலியைக் காட்டுவர். வேலி எங்கே நிற்க வேண்டும் என்றால் உறுதியைக் காட்டுவர். ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி என்னும் பழமொழி இவ்விடத்துக்கென்றே பிறந்ததுபோலும். விதானையார் வந்து பார்த்தும் தீராத பிணக்கு பிறக்கிராசியிடமும் அப்புக்காத்திடமும் சென்றது. வென்றவர் பெற்ற நிலத்தின் விலையைவிட வழக்குச் செலவு மிகுந்ததுண்டு.

இதற்கெல்லாம் மேலாக ஒரு சட்டம் வேலிக்கு உயிர் கொடுத்தது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், பிறர் உரிமையை ஏற்காமல் பத்தாண்டு தடையின்றி ஒருவர் ஆண்ட நிலம் அவர்க்கே உரித்தாகும் என்றது. ஓலை இற்றுவிடும், ஆனால் தள்ளி அடைத்த வேலியை எவரும் தட்டிக் கேளாமல் பத்து மாரி கடந்தால் அந்த ஒரு சாண் நிலம் சட்டப்படியே மறுபக்கம் போய்விடும். உடன்பிறந்தார் பிரிக்காமல் வைத்திருந்த காணிக்கு மட்டும் ஒரு காப்பு இருந்தது. கூட்டுரிமையாளருள் ஒருவர் ஆள்வது எல்லார்க்குமாக ஆள்வதே என்று கொரியா – அப்புஹாமி வழக்கில் 1911ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அயலவருக்கு அக்காப்பு இல்லை. ஆகவே வேலிச் சண்டை பிடிப்பவரை வீண் வம்பர் என்று எளிதில் தள்ளிவிடலாகாது. அவர் குரல் எழுப்பியது பத்தாண்டுக் கணக்கை அறுப்பதற்காகவும் இருக்கலாம். வாயை மூடிக்கொண்ட நல்லவர் நிலத்தை இழந்தார்.

வாய்திறக்க ஊரிலேயே இல்லாதவர் நிலை என்ன? இங்கேதான் மலாயா வந்து சேர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞர் நூற்றுக்கணக்கில் கப்பலேறி மலாய் நாடுகளின் இரயில்வே, பொதுப்பணி, நில அளவை இலாகாக்களில் உத்தியோகம் பெற்றனர். தாய் தந்தையர் வளவில் இருந்தனர். மகன் கிள்ளானிலோ தைப்பிங்கிலோ இருந்தான். ஆட்சியுரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இத்தகையோரையும் நினைத்தே எழுதப்பட்டது எனலாம். உரிமை மீட்க வழக்கிடும் நிலை தோன்றியபோது ஒருவர் சிறுவராகவோ சித்தம் கலங்கியவராகவோ கடலுக்கு அப்பாலோ இருப்பின் பத்தாண்டுக் கணக்கு அவர்க்கு எதிராக ஓடாது என்று அது கூறும். கடல் கடந்தவரைச் சித்தம் கலங்கியவரோடு ஒரே வரிசையில் வைத்தது சட்டத்தின் விந்தை. ஆனால் அப்பிரிவுக்கும் முடிவு உண்டு: முப்பதாண்டு ஆட்சி எந்தத் தடையையும் வென்றுவிடும். இருபது வயதில் கப்பலேறி ஐம்பத்தைந்தில் பென்சனோடு திரும்பியவருக்கு முப்பதாண்டு என்பது கதையன்று, கடந்துபோன வாழ்க்கை.

இதில் வேறொரு முரணும் உண்டு. மலாயாவில் நில உரிமை பதிவேட்டைச் சார்ந்தது. அளவையாளர் சங்கிலி பிடித்து அளந்து எல்லைக்கல் ஊன்றுவார். படமும் பதிவும் சேர்ந்து உரிமையாகும். வேலியை எங்கே தள்ளினாலும் உரிமை நகராது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின் 341ஆம் பிரிவு, நெடுநாள் ஆட்சியால் உரிமை பிறவாது என்று தெளிவாகவே கூறுகின்றது. சிங்கப்பூரும் 1994ஆம் ஆண்டில் அத்தகைய உரிமையை ஒழித்தது. பிறர் நிலத்துக்கு எல்லைக்கல் ஊன்றிப் படம் வரைந்த யாழ்ப்பாணத்து எழுத்தனுக்கும் அளவையாளனுக்கும் சொந்த ஊரில் இருந்தது ஓலை வேலி. ஒரே மனிதர் இரு சட்டங்களின் கீழ் வாழ்ந்தார். ஒன்றில் கல் பேசிற்று, மற்றதில் கதியால் பேசிற்று.

மலாயாப் பணம் வந்த வளவுகளில் முதலில் ஓட்டு வீடு எழுந்தது. பிறகு தெருப்பக்கம் கல்மதில் எழுந்தது. மதில் செல்வத்தின் அடையாளம் என்று மட்டும் கருதுவது போதாது. ஆண் துணை கடலுக்கப்பால் இருக்கும் வீட்டில், ஆண்டுதோறும் ஓலை தேடி, ஆள் தேடி, அயலவர் முகம் பார்த்து நிற்கும் தொல்லையை மதில் ஒழித்தது. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் மலாயாவிலிருந்து காசோலையும் கடிதமும் நின்றுபோன காலத்தில் மதில் கட்டாத வீட்டார் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்கலாம். பின்னர் மேற்காசிய நாடுகளுக்கும், அதன்பின் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனவர்களின் பணமும் அதே வழியில் மதிலாயிற்று. எழுத்தாளர் செங்கை ஆழியான் தம் நாவலொன்றுக்குக் கிடுகு வேலி என்றே பெயரிட்டார். மதிலுக்கும் அயலவர் இசைவு வேண்டாமற் போகவில்லை. மறுபுறம் சாந்து பூச அவர் வளவில் இறங்க வேண்டும். உட்புறம் வெள்ளையடித்து மின்ன, வெளிப்புறம் பூச்சின்றிக் கல் தெரிய நிற்கும் மதில் ஒன்றைக் கண்டால், அங்கே என்ன நடந்தது என்று ஊரார் வினவுவதில்லை.

போர் வந்தபோது வேலியின் வேலையே மாறிற்று. ஒழுங்கையில் இறங்க அஞ்சிய நாட்களில் மக்கள் வேலிப்பொட்டுகளின் வழியே வளவு வளவாகக் கடந்து தப்பினர். ஓலை தந்த பனைகள் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகத் தறிக்கப்பட்டன. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேறினர். அவ்வூர்கள் உயர்பாதுகாப்பு வலயமாயின. 1995ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ முழுமையாகவே இடம்பெயர்ந்தனர். போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்தது. வலிகாமம் வடக்குக் காணிகள், சிறப்பாக 2015ஆம் ஆண்டுக்குப் பின், பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன.

திரும்பியவர் பலர் கண்டது வெறும் வெளி. வீடு இடிக்கப்பட்டிருந்தது, மதில் இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. உறுதி கையில் இருந்தால் அதில் வடக்கே இன்னாருடைய காணி என்று எழுதியிருந்தது. அந்த இன்னார் இறந்துவிட்டார், அல்லது அவர் பிள்ளைகள் வேறு நாட்டில் இருந்தனர். வேலியையே சாட்சியாகக் கொண்ட ஊரில் சாட்சி அழிந்துவிட்டது. முதியவர்கள் கிணற்றைத் தேடினர். கிணறு தூர்ந்திருப்பினும் அதன் கட்டு மண்ணுக்கடியில் கிடக்கும். அதிலிருந்து இத்தனை காலடி கிழக்கே படலை, இத்தனை காலடி தெற்கே அடுக்களை என்று நினைவால் அளந்தனர்.

ஆட்சியுரிமைச் சட்டம் இவர்களை விழுங்கிவிடாதபடி 2016ஆம் ஆண்டில் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் நிறைவேறிற்று. 1983ஆம் ஆண்டு மே 1 முதல் 2009ஆம் ஆண்டு மே 18 வரை, போரின் காரணமாக உரிமையை நாட இயலாதிருந்தவர்க்கு அந்த ஆண்டுகளைக் கணக்கிலிருந்து நீக்குவது அதன் நோக்கம். முன்பு கடலுக்கப்பால் இருந்தவர்க்குக் கிடைத்த காப்பு, சொந்த ஊருக்குச் சில கல் தொலைவில் முகாமில் இருந்தவர்க்கு அப்போதுதான் கிடைத்தது. எல்லைப் பிணக்குகள் இன்றும் மத்தியஸ்த சபைகளுக்கு வருகின்றன; அளவையாளரை அழைத்துப் படம் வரைவிக்கும் வழக்கமும் வளர்ந்திருக்கிறது.

மண்வாரி இயந்திரம் புகாத சில வளவுகளில் மட்டும் வேறு வகைச் சாட்சி எஞ்சியிருந்தது. கவனிப்பாரின்றி விடப்பட்ட பூவரசங் கதியால்கள் வெட்டுப்படாமல் ஓங்கி, காட்டுக்குள் ஒரே நேர்வரிசையில் மரங்களாக நின்றன. பற்றையை வெட்டி வெளியாக்கியதும் பழைய வேலி தெரிந்தது. இரு வளவுக்காரரும் அவ்வரிசையை ஏற்றுக்கொண்டு கயிறு பிடித்தனர். அடிமரம் இரண்டடிக்கு மேல் பருத்திருந்தது; கயிற்றை மரத்தின் எந்தப் பக்கமாக இழுப்பது என்பதில் பேச்சு மறுபடியும் தொடங்கிற்று.